பன்னிரண்டாவது தூண்

எங்கள் கட்டடத்துக்கு அடியில், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், பதினோரு தூண்கள் இருந்தன; பன்னிரண்டாவதாக என் கணவர் சேர்ந்தார். தூத்துக்குடியில் தண்டவாளத்தை ஒட்டி, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து கட்டிய மூன்று மாடிக் கட்டடம் அது. மாடிக்கு நாலு வீடு, மொத்தம் பன்னிரண்டு குடும்பம், அடியில் மூன்று வரிசையாக நாலு நாலு தூண் நிற்க வேண்டும், ஆனால் கடைசி வரிசையில் இரண்டாவது மட்டும் கிடையாது. குடிவந்த அன்றைக்கே எண்ணிவிட்டேன். கார் திரும்ப இடம் வேண்டும் என்று விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவர் இஞ்ஞாசிமுத்து கேட் கீப்பராக இருந்தவர். ரயில் கடக்கும்போது கேட் கீப்பர் காலைச் சேர்த்து, கொடியைப் பிடித்து, கடைசிப் பெட்டி போகிறவரை அசையாமல் நிற்க வேண்டும். உத்தியோகம் முடிந்து வருஷம் பல ஆகியும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. தெருவில் நடந்தாலும், முடிவெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், வாயில் இட்லி இருந்தாலும், ரயில் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார், பெட்டிகள் எல்லாம் போன பிறகுதான் இட்லியை மெல்லுவார். கேட் ஓரத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், சுற்றிலும் உப்பளத்தைத் தவிர பார்க்க ஒன்றுமில்லாததால், நானும் அவர் பக்கத்தில் போய் நிற்பேன். அவர் கொடியைப் பிடிப்பார், நான் பெட்டிகளை எண்ணுவேன். எங்கள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

எல்லாருக்கும் முழங்கால் தேய்ந்துபோனதால் லிஃப்ட் போடலாம் என்று சங்கத்தில் முடிவானது. லிஃப்ட் கம்பெனிக்காரர்கள், முதலில் கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் கட்டிக் காட்டுங்கள் என்றார்கள். அந்த வேலைக்குக் கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பையன்கள் மூன்று கால் உள்ள ஒரு மெஷினோடு வந்தார்கள். மெஷினின் தலை மட்டும் மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "குறுக்க நடந்தா பரவாயில்லைங்க, அசையிறதெல்லாம் தானா அழிஞ்சிரும், அசையாம இருக்கிறது மட்டும்தான் பதியும்" என்று ஒருவன் சொன்னான். அந்த நேரம் பார்த்து என் கணவர் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார், அந்த நேரம் பார்த்து நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டியும் வந்தது. அவர் நின்றார். கடைசி வரிசையில், தூண் இல்லாத அதே இடத்தில், காலைச் சேர்த்து, பால் பாக்கெட்டைத் தொடையோடு அணைத்துக்கொண்டு, ஐம்பத்தெட்டுப் பெட்டியும் போகிறவரை நின்றார். மெஷின் ஒரு சுற்று முடித்துவிட்டது.

பிறகு அந்தக் கோயம்புத்தூர்க் கம்பெனியில் உட்கார்ந்து, மெஷின் கண்டதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, இது சுவர், இது கதவு, இது படி, இது குழாய் என்று வகை பிரிப்பார்களாம். வகை சொல்லாத பொருள் எதுவும் உள்ளே இருக்கக் கூடாதாம். என் கணவரைத் தூண் என்று பிரித்தார்கள்.

கம்ப்யூட்டரில் எங்கள் கட்டடம் ஏறிய திங்கட்கிழமை, அவர் பால் வாங்கிக்கொண்டு அந்த இடத்துக்கு வந்து, ஒரு கணம் நின்று, அடுத்த அடி வைத்ததும் மேலே உத்திரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, காரை உதிர்ந்தது. காலைத் திரும்ப எடுத்து வைத்தார், நின்றுவிட்டது. இன்னொரு தடவை நகர்ந்து பார்த்தார், மறுபடி உதிர்ந்தது. நான் மாடிப்படியில் இறங்கி ஓடி வந்தபோது அவர் தலையில் வெள்ளையாகக் காரைத் தூள், முகத்தில் எப்போதும் உள்ள அதே அமைதி.

"லூர்து, எனக்குச் சோத்தை இங்கயே கொண்டாந்திரு" என்றார்.

"என்னங்க ஆச்சு?"

"கட்டடம் எம்மேல நிக்கி போல."

"பாரமா இருக்கா?"

"ஒண்ணும் தெரியல."

வேறு மனுஷனாக இருந்தால் கத்தியிருப்பான், யாரையாவது திட்டியிருப்பான். இவரோ பால் பாக்கெட்டை என்னிடம் நீட்டி, கெட்டுப்போவதற்குள் காய்ச்சச் சொன்னார்.

அன்றைக்கு மாலையே சங்கம் கூடியது. தூண் நகர்ந்து வர முடியாதென்பதால் அவரைச் சுற்றியே நாற்காலி போட்டார்கள். செயலாளர் கோயில்பிச்சை ரயில்வேயில் கணக்கு எழுதினவர், எதையும் தீர்மானமாகப் போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மாடிகளில் அசைவு இல்லாவிட்டால் கட்டடம் ஜெபமாலையில் பத்து மணி உருட்டுகிற நேரம் மட்டும் அவர் இல்லாமல் பொறுத்துக்கொள்கிறது என்று சோதித்துப் பார்த்து, அந்த நேரத்துக்குள் இஞ்ஞாசி அண்ணாச்சி குளியல் முதலான காரியங்களை முடித்துக்கொள்வது, அப்போது மாடிகளில் யாரும் நடப்பதோ இடிப்பதோ துணி துவைப்பதோ கூடாது என்று தீர்மானம் எழுதினார். பன்னிரண்டு வீட்டிலும் ஜனங்கள் இருந்த இடத்தில் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருக்க, என் கணவர் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஓடி வந்து நிற்பார். உறக்கத்துக்கு ஒரு பலகையைச் சாய்த்து, என் பழைய சேலையால் அவரைச் சேர்த்துக் கட்டினோம். கேட்டில் நின்றுகொண்டே உறங்கிப் பழகியவர், குறட்டைகூட விட்டார்.

ஜனங்கள் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல். முதல் வாரம் எல்லாரும் அவர் தோளைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். இரண்டாவது வாரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளையடிக்க வந்தவன் மற்றத் தூண்களுக்கு அடித்த மாதிரியே இவருக்கும் முழங்கால்வரை மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டுவிட்டுப் போனான். ஏன் சும்மா நின்றீர்கள் என்று கேட்டால், "வண்டிக்காரனுக்குத் தெரியணும்லா, பின்னால எடுக்கும்போது இடிச்சிருவான்" என்றார். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒன்றை யாரோ அவர் முதுகில் ஒட்டியிருந்தார்கள், செத்தவர் படத்துக்கு மேலே இவர் தலை இருந்ததால் துக்கம் கேட்க இரண்டு பேர் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் பொறுத்தேன். மூன்றாம் மாடித் தங்கப்பழம் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் படத்தில் பதினொன்றுக்குப் பதில் பன்னிரண்டு தூண் காட்டியதைப் பார்த்ததும், அவர் மொட்டை மாடியில், நேரே என் கணவர் தலைக்கு மேலே, புதிதாக ஒரு கறுப்புத் தண்ணீர் டாங்கியை வைத்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, ஆளு தலைக்கு மேலயா டாங்கிய வைப்பீங்க?"

"கீழல்லா மைனி நிக்காரு" என்று சிரித்தார் தங்கப்பழம். "ரெண்டாயிரம் லிட்டர்தான். அவரையே கேளுங்க, ஒண்ணும் தெரியலங்காரு."

"அவரு செத்தாலும் ஒண்ணும் தெரியலம்பாரு."

"அப்படிப்பட்ட ஆளு கிடைக்கணுமே மைனி!"

கோயம்புத்தூர்க் கம்பெனிக்குப் போன் செய்தேன். புது ஆளோடு போனில் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு பெண்ணிலிருந்து இன்னொரு பெண்ணுக்கு, அவளிடமிருந்து சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்பவனுக்கு, அவனிடமிருந்து பாட்டுக்கு, பாட்டிலிருந்து முதல் பெண்ணுக்கு என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் சிந்துஜா என்ற பெண் வந்தாள். எங்கள் கட்டடத்தை வகை பிரித்தவள் அவள்தான்.

"கடைசி வரிசையில ரெண்டாவது தூணுங்களாம்மா? நல்லா ஞாபகம் இருக்குங்க. தோளு, காது எல்லாம் இருந்துச்சு. எங்க ஊர்க் கோயில்ல தூணு பூராவும் ஆளு நிக்குமுங்க, அந்த மாதிரி சிற்பத் தூண்னு நினைச்சுட்டேன்."

"கார் விடுற எடத்துல யாரும்மா சிற்பத் தூண் வைப்பா?"

"பழைய ஊருங்களே, இருக்கும்னு நினைச்சேனுங்க. கையில ஒரு கலசம் வேற இருந்துச்சு."

"அது பால் பாக்கெட்டு."

"சாரிங்கம்மா" என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்ட குரல்.

"வருத்தப்படாத. அவரை மனுஷன்னு மாத்திவிடு, அது போதும்."

"மனுஷன்னு ஒரு வகை இருக்குங்கம்மா, ஆனா அது படத்துக்கு அழகா இருக்கட்டும்னு வைக்கிறதுங்க. செடி, கார், ஆளு, அந்த மாதிரி. பாரக் கணக்குல வராதுங்க. சரி, மாத்திப் பாக்கிறேன், லைன்லயே இருங்க."

அடுத்த நொடி என் அடுப்படித் தரை சாய்ந்தது. எண்ணெய்ச் சட்டி அடுப்பிலிருந்து வழுக்கி விழுந்தது, மாடி மாடியாக அலறல் கேட்டது, ஜன்னல் வழியே பார்த்தால் கீழே ஜனங்கள் பாயும் தலையணையுமாகத் தெருவுக்கு ஓடினார்கள். "மாத்து, மாத்து, தூணாவே மாத்து!" என்று போனில் கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. தரை திரும்ப நேரானது.

சிந்துஜா அழுதுகொண்டே வழி சொன்னாள். பக்கத்தில் நிஜத் தூண் ஒன்று கட்ட வேண்டும், மெஷின் மறுபடி வந்து அதைப் பார்க்க வேண்டும், பிறகு இவரை எடுத்துவிட்டு அதைப் பதியலாம். கொத்தனாரைக் கூப்பிட்டு, அவருக்கு ஒரு முழம் தள்ளிச் செங்கல் தூண் எழுப்பினோம். தூண் உத்திரத்தைத் தொடவில்லை. ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. இன்னொரு வரிசை வைத்துப் பூசினார், அடுத்த நாள் காலை பார்த்தால் அதே விரல்கடை. படத்தில் இல்லாத தூணின் மேல் கட்டடம் உட்கார மாட்டேன் என்றது. கொத்தனார் கோபித்துக்கொண்டு மீதிச் செங்கல்லை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். மெஷின் எப்போது வரும் என்று கேட்டால், அது கொழும்பில் ஒரு வேலைக்குப் போயிருக்கிறது, ஈஸ்டர் கழிந்துதான் வரும் என்றார்கள்.

எங்கள் மகள் ரெஜினாவின் கல்யாணம் ஈஸ்டருக்கு முன்னால். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறவர், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை மூன்றில் இரண்டு வாசித்தாகிவிட்டது, மூன்றாவதும் வாசித்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை தாலி. அதை விட்டால் தவக்காலம் தொடங்கிவிடும், தவக்காலத்தில் தாலி கட்ட மாட்டார்கள், தவக்காலம் முடிவதற்குள் மாப்பிள்ளை கப்பலேறிவிடுவார்.

பங்குச்சாமி எங்கள் வீட்டுக்கு வந்து, பெண்ணைத் தாய்மாமன் கைப்பிடித்து அழைத்து வரலாம், தப்பில்லை என்றார். ரெஜினா கீழே இறங்கி அப்பா முன்னால் போய் நின்றாள்.

"நான் கோயில்ல புதுநன்மை வாங்கினப்ப நீங்க வரல, கேட்ல டூட்டின்னீங்க. ஸ்கூல்ல பிரைஸ் வாங்கினப்ப வரல, டூட்டி. ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட சாயங்காலம்தான் வந்தீங்க. இந்த ஒரு தடவையாவது வாங்கப்பா. உங்க கையைப் பிடிச்சுத்தான் கோயிலுக்குள்ள போவேன். இல்லன்னா போவல."

அவள் மேலே போன பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு, "அந்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வையி" என்றார். அந்த மனுஷன் எனக்குத் தெரிய ஆசைப்பட்டு வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான்.

மறுபடி சிந்துஜாவைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாது, இடமும் உருவமும்தான் தெரியும், அதே இடத்தில் இன்னொரு ஆள் அதே மாதிரி நின்றால் போதும் என்றாள். கோயில்பிச்சை உடனே தீர்மானம் போட்டார். முதலில் அவரே நின்றார். உத்திரம் ஏற்றுக்கொண்டது, எல்லாரும் கைதட்டினார்கள், அவர் கைதட்டலுக்குத் தலையாட்டினார், காரை கொட்டியது. அடுத்து வந்தவருக்கு மூக்கு அரித்தது. அதற்கடுத்தவரின் போன் அடித்தது. தங்கப்பழம் நின்றார், நின்ற இடத்திலிருந்தே யாரையோ "ஏல, வண்டிய எடுல" என்று கைநீட்டி அதட்டினார், இரண்டாம் மாடியில் கண்ணாடி உடைந்தது. பன்னிரண்டு வீட்டு ஆண்களில் ஒருவராலும் ஒரு பூசை முடிகிற நேரம் அசையாமல் நிற்க முடியவில்லை.

"பொம்பளைங்க யாரும்..." என்று கோயில்பிச்சை இழுத்தார்.

"எல்லாரும் கல்யாணத்துக்குப் போகணும்லா" என்றாள் அவர் மனைவி.

வெள்ளிக்கிழமை காலை நான் என் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கி, கொத்தனார் போட்டுவிட்டுப் போன செங்கல்லில் மூன்றை எடுத்து அவர் பக்கத்தில் அடுக்கினேன். அவரைவிட நான் அவ்வளவுதான் குட்டை.

"நகருங்க."

"லூர்து, நீ பொண்ணோட அம்மா."

"அது எனக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை கட்டில்மேல இருக்கு. முழங்கால்ல பட்டை பெயிண்ட் இருக்கு, மண்ணெண்ணெய் போட்டுத் துடைங்க. நேரம் ஆகுது."

அவர் நகர்ந்தார், செங்கல்லை அந்த இடத்துக்குத் தள்ளினார், நான் ஏறிக் காலைச் சேர்த்து நின்றேன். ரெஜினா கிரீடமும் முக்காடுமாக இறங்கி வந்து என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். "மையி கலையும், போ" என்றேன். அவர்கள் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் பன்னிரண்டு வீடும் பூட்டிக்கொண்டு போனது.

பாரம் உடனே வரவில்லை. எல்லாரும் போன பிறகு, ஆள் மாறியதைக் கட்டடம் அப்போதுதான் கண்டுகொண்ட மாதிரி, மெதுவாக இறங்கியது. முதலில் உச்சந்தலையில், பிறகு கழுத்தில், பிறகு தோளில். ஒவ்வொன்றும் என்னவென்று எனக்குத் தெரிந்தது. யாரும் ஏறி நடக்காத நடைப்பயிற்சி மெஷின் இரண்டாம் மாடியிலிருந்து அழுத்தியது. கோயில்பிச்சை வீட்டுக் கிரைண்டர் அழுத்தியது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கறுப்பு டாங்கி. ஆனால் இடது தோளில் மூலையால் குத்துகிற மாதிரி ஒன்று இருந்தது, எல்லாவற்றையும்விடப் பாரமாக. அது என்னுடைய இரும்பு பீரோ. அதன்மேல் ரெஜினாவின் புதுநன்மையிலிருந்து நான் சேர்த்துவைத்த பித்தளை, வெண்கலப் பாத்திரம் அத்தனையும். இவ்வளவு எதுக்கு லூர்து என்று அவர் ஒரு தடவை கேட்டார், இந்தத் தூண் காரியத்துக்கு ரொம்ப முன்னால், நான் சண்டைக்குப் போனேன், பிறகு கேட்கவில்லை.

கோயில் மணி அடித்தது. பாட்டுக் கேட்டது. இப்போது உள்ளே நுழைகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன், பார்க்கவில்லை, அசையவில்லை.

அப்போது தலைக்கு மேலே இரைச்சல் கேட்டது. தங்கப்பழம் மோட்டாரை நிறுத்தாமல் போயிருந்தார். டாங்கி நிரம்பியது, நிரம்ப நிரம்பச் செங்கல்லில் என் பாதம் அழுந்தியது, பிறகு வழிந்தது, மொட்டை மாடியிலிருந்து ஒழுகி விரிசல் வழியாக வந்து சரியாக என் வகிட்டில் சொட்டியது, பட்டுச்சேலைக்குள் இறங்கியது. கூப்பிட ஒரு ஆள் இல்லை. தங்கப்பழத்தையும், லிஃப்ட் கேட்ட முழங்கால்களையும், கொழும்பையும், ஐம்பத்தெட்டுப் பெட்டி கோர்த்த ரயில்காரனையும் ஒருவர் விடாமல் மனசுக்குள் திட்டினேன். அந்த நேரம் ரயில் வந்தது. சத்தம் கேட்டதும் என் முழங்கால் தானாக நேரானது. கேட்டில் நின்ற மாதிரியே நின்று, பெட்டிகளை எண்ணினேன். கடைசிப் பெட்டி போனபோது கரண்ட் போயிருந்தது, மோட்டாரும் நின்றிருந்தது.

பூசை முடிந்ததும் எல்லாரும் விருந்துக்குப் போக, அவர் மட்டும் ரெஜினாவின் கையைப் பிடித்தபடி நேரே இங்கே நடந்து வந்தார், பின்னாலேயே மாப்பிள்ளை முக்காட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். மகள் கழுத்தில் தாலி இருந்தது. அவர் சட்டை கசங்காமல் இருந்தது. என்னைப் பார்த்ததும் தன் கைக்குட்டையால் என் முகத்தைத் துடைத்தார்.

"இவ்வளவு பாரமா இருந்திருக்கு" என்றேன். "ஒண்ணும் தெரியல, ஒண்ணும் தெரியலன்னீங்களே. ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா நீ வந்து நின்னுருப்ப."

நான் இறங்கினேன், அவர் நின்றார், நான் நேரே விருந்துக்குப் போய், ஈரச் சேலையோடு, தங்கப்பழம் பிரியாணியில் கை வைக்கும்போது அவர் முன்னால் போய் நின்றேன்.

"எந்திரிங்க. டாங்கியை இறக்கிட்டு வந்து சாப்பிடுங்க."

"மைனி, சூடா..."

"எந்திரிங்க."

நூறு பேர் பார்க்க எழுந்தார். அன்றைக்கே டாங்கி இறங்கியது. அதற்கு முன்னால் என் பீரோ இறங்கியது.

ஈஸ்டர் கழிந்து மெஷின் வந்தது, சிந்துஜாவும் வந்தாள், ஒல்லியான சின்னப் பெண், அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மெஷின் ஒரு சுற்று முடிக்கிறவரை யாரும் எங்கும் நிற்கக் கூடாது, நின்றால் என்னவாகப் பதியும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். பன்னிரண்டு குடும்பமும் கீழே இறங்கி நடந்தது. கோயில்பிச்சை கைத்தடியோடு நடந்தார், தங்கப்பழம் வயிறு குலுங்க ஓடினார், கைக்குழந்தைகளை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். அசையாமல் நின்றவை பழைய தூண்களும் புதுச் செங்கல் தூணும் மட்டும். கட்டடம் பொறுக்கிற அந்தப் பத்து மணி ஜெபத்துக்குள் முடியட்டும் என்று என் கணவர் தன் இடத்தை விட்டு வந்தார், நான் அவர் கையைப் பிடித்து நடத்தினேன், சிந்துஜா மெஷின் கண்ணில் படாமல் படித் திருப்பத்தில் உட்கார்ந்து மடிக் கம்ப்யூட்டரைத் திறந்து காத்திருந்தாள். மெஷினின் தலை பாதி திரும்பியிருந்தபோது தூரத்தில் கூட்ஸ் வண்டியின் ஹாரன் கேட்டது.

என் கைக்குள் அவர் கை விறைத்தது. கால்கள் ஒன்றோடு ஒன்று சேரத் தொடங்கின.

"விடு லூர்து. வண்டி போகட்டும்."

"வண்டி போகும். நீங்க நடங்க."

இழுத்தேன். எல்லாரும் பார்க்க, வெட்கத்தை விட்டு, இரண்டு கையாலும் இழுத்தேன், அவர் தடுமாறி ஓர் அடி வைத்தார், பிறகு இன்னோர் அடி. மெஷின் சுற்றை முடித்தது, சிந்துஜா அவரை எடுத்துவிட்டுப் புதுத் தூணைப் பதிந்தாள், எங்களுக்குப் பின்னால் செங்கல் தூண் உத்திரத்தைத் தொடுகிற சத்தம் மெதுவாகக் கேட்டது. நாங்கள் நடந்துகொண்டே இருந்தோம், வண்டி போய்க்கொண்டே இருந்தது, பெட்டிகளை அன்றைக்கு நான் எண்ணவில்லை.